கொப்புளத்தானின் வலது கால்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தது மூன்று பேர். புராஜெக்ட்டை நடத்திய குமரன், நாங்கள் செய்வதையெல்லாம் வீடியோ கேமுக்குள் கோத்துக் கொடுக்கும் தாஸ், அப்புறம் பூதங்களுக்கு அசைவு கொடுக்கும் நான். திரைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு வேலை கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் இரண்டு பேர், ஒரு அம்மாவும் தாடிக்காரர் ஒருவரும். இல்லாதவர் ஒரே ஒருவர், எங்கள் வேலையைக் கடைசியாகப் பார்த்து ஒப்புதல் கொடுக்கும் லீட் வித்யா. அவர் மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், தங்கையின் முகூர்த்தத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றிருந்தார். யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன். நடந்தது முழுக்க அதைப் பொறுத்ததுதான்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போகும்படி சொன்னது குமரன்தான். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறைக்கு மேலே இருக்கும் இந்த மாடியில் எட்டு வருஷம் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாற்காலி உடைந்திருக்கிறது, கண்ணாடியின் பவர் நான்கு தடவை ஏறியிருக்கிறது. இந்தத் தொழிலில் இது ரிட்டயர் ஆகிற வயது. அடுத்த மாதம் பெருங்குடிப் பக்கம் ஒரு வேலைக்குப் போகிறேன். சாஃப்ட்வேரில் எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், என்னைவிடச் சீக்கிரமாக. நான் சொல்லப்போவது ஒரு காலைப் பற்றி.

நான் சேர்ந்து இரண்டாவது வருஷம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காண்ட்ராக்டைப் புதுப்பிக்கும் நிலைமை. அப்போதுதான் அந்தப் பூதம் எங்களிடம் வந்தது. இருட்டும் சேறும் இடிந்த கோபுரங்களுமாக ஒரு கேம். அதில் மூன்று பெரிய பூதங்கள். முதல் பூதத்தை நாங்கள் செய்து காட்டி அவர்களுக்குப் பிடித்துவிட்டால் மற்ற இரண்டும் எங்களுக்கு. முதல் பூதம் கொள்ளைநோய்ப் பூதம். ஒரு ஊர் முழுக்க நோய் வந்து செத்து, செத்தவர்களின் கொப்புளங்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எழுந்து நின்றால் எப்படி இருக்குமோ அப்படி. அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயரை நாங்கள் யாரும் சரியாகச் சொன்னதே இல்லை.

"இன்னா பேரு இது, மாத்திரை பேரு மாதிரி கீது" என்றான் தாஸ். அவன்தான் கொப்புளத்தான் என்று வைத்தான். மதியத்துக்குள் ஆபீஸ் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

கொப்புளத்தான் பன்னிரண்டடி உயரம். ஏழு கண், ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. விலா எலும்புக்குள் எலிகள் ஓடும். கழுத்தில் ஒரு வெண்கல மணி. இடது தோளில் பலாப்பழம் சைஸில் ஒரு சீழ்ப்பை, உடம்பே அந்தப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். கால் வைக்கிற இடத்திலெல்லாம் பச்சையாகப் புகை கிளம்பும். அதன் வயிறு எப்படிப் பிளக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் பெரிய விவாதம். தாஸின் அம்மா நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரமாக மீன் விற்பவர். ஒருநாள் அவன் இரண்டு கிலோ சங்கராவை பக்கெட்டில் கொண்டுவந்து, டேபிள் லைட்டுக்குக் கீழே வைத்து ஒவ்வொன்றாக வகிர, நான் செல்போனில் படம் பிடித்தேன். மூன்று நாள் நாற்றம் போகவில்லை. கீழே இருந்து பட்டறைக்காரர் மேலே வந்து, "கம்ப்யூட்டர் கம்பெனின்னுதானே வாடகைக்கு வந்தீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். குமரன் அன்று முதல் என் மானிட்டருக்கு முதுகைக் காட்டியபடிதான் சாப்பிட்டார்.

குமரனின் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். தி.நகரில் பாத்திரக்கடை. கடைக்குப் போகாமல் இங்கே வந்துவிட்டார். அவருக்கு முப்பத்தைந்து வயதுதான், ஆனாலும் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

என் பொறுப்பு ஒன்பது விநாடி. இடிந்த மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் விளையாடுகிறவன் ஒளிந்திருப்பான். கதவு உடையும். கொப்புளத்தான் வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவான். அவ்வளவுதான். அந்த ஒன்பது விநாடியில் விளையாடுகிறவன் பயத்தில் தூணோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் அனுப்பிய விதிமுறைப் புத்தகத்தில் பதினான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: எந்த அசைவும் இடது காலில்தான் தொடங்க வேண்டும். காரணம் எளிது. உள்ளே வருவது, நடப்பது, ஓடுவது எல்லாவற்றையும் நாம் தனித்தனித் துண்டாகச் செய்கிறோம். கேம்தான் அவற்றை ஒட்டுகிறது. ஒரு துண்டு தப்பான காலில் முடிந்தால் அடுத்த துண்டு இடறும்.

அந்த வரியை நான் படிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அடையாறில் என் அப்பாவும் அம்மாவும் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும், ரேஷன் நோட்டீஸிலிருந்து பேங்க் கடிதம் வரை, ஏழாவது வகுப்பிலிருந்து வாசித்துச் சொன்னது நான்தான். அதனால் எந்தக் காகிதத்தையும் கடைசி வரிவரை படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பதினான்காம் பக்கத்தைப் படித்தேன், அடிக்கோடும் போட்டேன். முதலில் இடது காலில்தான் செய்தேன். செய்து ஓட்டிப் பார்த்தால் மனசு ஒப்பவில்லை. என்னவோ உறுத்தியது. எடை சரியாக விழவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு வலது காலுக்கு மாற்றினேன். உடனே அசைவு உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. விதி நடைக்குத்தான், நுழைவுக்கு இல்லை என்று சமாதானமும் செய்துகொண்டேன்.

வித்யா கல்யாணத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அவருடைய மெஷினில் உட்கார்ந்து இருவரும் அதைக் கடைசியாகப் பார்த்தோம். நான்கைந்து தடவை ஓட்டினார். மணி ஆடுவதைக் கொஞ்சம் தாமதிக்கச் சொன்னார். செய்தேன். "நன்னா வந்திருக்கு, சரவணா" என்று சேமித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டாருக்கு ரூம் போட்டாயிற்றா என்று போனில் கேட்டுக்கொண்டே படியிறங்கினார். ஃபைலைக் கடைசியாகச் சேமித்தவர் என்று பதிவாகியிருந்தது அவர் பெயர்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி. கம்பெனிக்காரர்கள் அவர்கள் பக்கத்தில் கேமை ஓட்ட, நாங்கள் திரையில் பார்க்கிறோம். மண்டபம். தூண். கதவு உடைகிறது. பச்சைப் புகை. ஏழு கண்ணும் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. மணி அடிக்கிறது. கொப்புளத்தான் வாசற்படியைத் தாண்டி உள்ளே வருகிறான். நுழைவு முடிந்து நடை தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னத் துள்ளல் துள்ளினான்.

பாண்டி விளையாடும் பிள்ளைகள் கட்டம் தாண்டுவார்களே, அதே துள்ளல். சீழ்ப்பை குலுங்கியது. எலிகள் குலுங்கின. மணி ஒருமுறை கூடுதலாக அடித்தது.

தாஸ் என் காதுக்குள், "மச்சி, கொப்புளத்தான் குத்து டான்ஸ் போட்டுக்கினு வர்றான்" என்றான்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி ஓட்டினார்கள். மறுபடி துள்ளினான். மூன்றாவது தடவை அவர்கள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எனக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. இந்த ஆபீஸில் சேர்ந்த முதல் நாள், கீழே பட்டறை வாசலில் நிற்கும்போது என் அம்மா போனில் சொன்னது அப்படியே காதில் விழுந்தது: "வலது காலை எடுத்து வச்சு உள்ள போடா." அன்றிலிருந்து நான் வேறு காலை வைத்து இந்த மாடிக்குள் வந்ததே இல்லை. அதையே ஒரு கொள்ளைநோய்க்கும் செய்துவிட்டேன்.

அந்த அம்மா ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: இதைக் கடைசியாகப் பார்த்து ஒப்புக்கொண்டது உங்கள் லீட்தானே? விதிமுறையில் இவ்வளவு தெளிவாக இருப்பதைக் கவனிக்காத ஒருவர் மற்ற இரண்டு பூதங்களையும் பார்ப்பது சரியாக இருக்குமா? வேறு யாரையாவது லீடாகப் போட முடியுமா?

குமரன் சொன்னார்: "ஆமாம். வீட்டில் கல்யாணம். கொஞ்சம் அவசரத்தில் இருந்தார். வேறு ஏற்பாடு செய்துவிடலாம்."

அவர்கள் தங்களுக்குள் பேச வேண்டும் என்று பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டு திரையை அணைத்தார்கள்.

அண்ணாச்சி இதைப் படித்துவிட்டுத்தான் உங்களுக்கு அனுப்புவார். இந்த இடத்தை வெட்டமாட்டார் என்று நம்புகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எதிரே ஒரு கேள்வி நிற்கிறது, பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. பழி தானாக அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. யாரும் தூக்கி வைக்க வேண்டியதில்லை.

"அண்ணாச்சி, இன்னா இப்டி சொல்லிட்டீங்க" என்றான் தாஸ். "அந்தப் பொண்ணு அங்க தங்கச்சி கல்யாணத்துல நின்னுக்கினு கீது. இங்க நீங்க வேலையத் தூக்கிட்டீங்க."

"வேலைய யாருல தூக்குனா? லீடுங்கிற பேரு மட்டும்தானே. இப்போதைக்கு இதை முடிச்சிக்கிடுவோம். வித்யாட்ட நான் பேசிக்கிடுதேன். மூணு வருஷமா ராவும் பகலும் உழைச்சிருக்கா, புரிஞ்சிக்கிடுவா."

"அதான் அண்ணாச்சி. மூணு வருஷம் உழைச்சு வாங்குன பேரு."

நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. முதல் மூன்று நிமிஷம், என் காண்ட்ராக்ட் அடுத்த மாதம் முடிகிறது என்று நினைத்தேன். அப்புறம், வித்யாவும்தானே பார்த்தார் என்று நினைத்தேன். அது உண்மைதான், அதனாலேயே பிடித்துக்கொள்ள வசதியாக இருந்தது. அப்புறம் எழுந்து வெளியே போய் அவருக்குப் போன் போட்டேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

எடுத்தார். பின்னால் நாதஸ்வரம் காது கிழிகிறது. "என்னடா சரவணா, சீக்கிரம் சொல்லு. மாலை மாத்தப்போறா. மாமாவெல்லாம் அவளைத் தூக்கிண்டு நிக்கறா."

"ஒண்ணுமில்ல வித்யா. வாழ்த்து சொல்லலாம்னுதான்."

"எனக்கா கல்யாணம்? மத்தியானம் சாப்பிட வாங்கோ மூணு பேரும். பூதம் என்ன ஆச்சு, பாத்தாளா?"

"பாத்துக்கிட்டே இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அது.

உள்ளே வந்தபோது திரையில் அவர்கள் மறுபடி வந்துவிட்டிருந்தார்கள். அந்த அம்மா, மாற்று லீட் யார் என்று கேட்கிறார். குமரன் வாயைத் திறப்பதற்குள் நான் என் மைக்கைத் திறந்தேன். என் இங்கிலீஷ் அப்போது இஸ்திரி போடாத இங்கிலீஷ். இருந்தாலும் சொன்னேன்: காலை மாற்றியது நான். உங்கள் பதினான்காம் பக்கத்தைப் படித்திருந்தேன், நுழைவுக்குப் பொருந்தாது என்று நானாக முடிவு செய்தேன். வித்யாவிடம் அதைச் சொல்லவில்லை. நுழைவை நடையோடு ஒட்டி ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதையும் நான் செய்யவில்லை.

ஏன் மாற்றினாய் என்று கேட்டார் தாடிக்காரர்.

"எங்கள் வீட்டில் புதிதாக உள்ளே வருகிறவர்கள் வலது காலை முதலில் எடுத்துவைப்பார்கள். நல்லது நடக்கும் என்று."

"அப்படியென்றால் நீ அந்தப் பூதத்தை நல்லபடியாக வரவேற்றிருக்கிறாய்" என்றார் அவர்.

"ஆமாம்" என்றேன்.

தாஸ் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். சிரிப்பில் தோள் குலுங்கியது.

எப்போது சரிசெய்து தருவாய் என்றார் அந்த அம்மா. மேஜைக்குக் கீழே குமரன் ஒரு விரலைக் காட்டினார், ஒரே நாள் என்று சொல்லச் சொல்லி. சீழ்ப்பை இடது பக்கம் இருப்பதால் உடம்பை அப்படியே கண்ணாடி மாதிரித் திருப்பிவிட முடியாது, ஒவ்வொரு அசைவும் முதலிலிருந்து. மூன்று நாள் என்றேன். தாமதமானால் பணம் பிடிப்போம், அது காண்ட்ராக்டில் இருக்கிறது என்றார். தெரியும், இருபத்திரண்டாம் பக்கம் என்றேன். அப்போதுதான் அவர் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். லீட் விஷயத்தை, மூன்று நாள் கழித்துப் பூதத்தைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார்.

மறுநாள் வித்யா வந்தார். கை நிறைய மருதாணி, பை நிறைய கல்யாண முறுக்கும் லட்டும். குமரன் யாரையும் பேசவிடாமல், தானே எழுந்து போய் எல்லாவற்றையும் சொன்னார். தான் சொன்னதையும் சேர்த்து. வித்யா முறுக்கை உடைத்துக்கொண்டே கேட்டார். முகம் கொஞ்சம் மாறியது, உடனே பழையபடி ஆகிவிட்டது.

"எங்காத்துல கல்யாணம்னா நான் அவசரப்படுவேன்னு உங்களுக்குத் தோணித்தா, அண்ணாச்சி?"

"தப்புதான். வேற ஒண்ணும் சொல்லதுக்கு இல்ல."

என்னிடம் திரும்பினார். "நாலு தடவை ஓட்டிப் பாத்தேன்டா. எனக்கு அது வலது கால்னே கண்ணுல படலை. நேத்திக்கு மாப்பிள்ளையாத்து வாசல்ல தங்கையைப் பாத்துண்டு நின்னேன். வலது காலை வச்சு உள்ள போனா. அப்போகூட நான் காலைப் பாக்கலை."

அவர் சொன்னதைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். நமக்குத் தப்பாகத் தெரிவதை நாம் எப்படியும் பிடித்துவிடுவோம். சரி என்று உடம்புக்கே பழகிப்போனதுதான் நம் எல்லோர் கண்ணையும் தாண்டிப் போகும். அதற்கு வேறு வாசல் வழியாக வருகிற ஒருவர் பார்க்க வேண்டும். இங்கே இருக்கும் நாம் எல்லோரும் ஒரே வாசல் வழியாக வந்தவர்கள்.

அந்த மூன்று நாளில் நாங்கள் செய்த முதல் வேலை, இடது கால் நுழைவைப் படம் பிடிப்பது. ஆபீஸ் வாசலில் கேமராவை வைத்து, ஒவ்வொருவராக உள்ளே வரச் சொன்னேன். தாஸ் தோளில் தலையணையைக் கட்டிக்கொண்டு வந்தான். வாசற்படிக்கு வந்ததும் அவன் கால் தானாக மாறி வலது கால் உள்ளே வந்தது. மூன்று தடவை.

"நைனா, உனக்கு லெஃப்ட்டு எதுன்னு தெரியுமா, தெரியாதா?" என்றேன்.

"தெரியுது மச்சி. கால் கேக்க மாட்டேங்குது."

குமரன் முயன்றார், படி தடுக்கிக் கதவில் மோதினார். வித்யா புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேண்டுமென்றே மெதுவாக, இடது காலை முதலில் வைத்து, உடம்பைச் சாய்த்து, தலையை நிமிர்த்தாமல் வாசலைத் தாண்டினார். தாஸ் கையை நீட்டி, ரோமம் நட்டுக்கொண்டிருப்பதைக் காட்டினான். எனக்கும் அப்படித்தான். எதைச் சகிக்க முடியாமல் நான் மாற்றினேனோ, அதுதான் கொப்புளத்தானுக்குத் தேவைப்பட்ட பயம். அது முதல் நாளே என் கையில் இருந்தது. உறுத்துகிறது என்று நானே துடைத்துப் போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் புதிய நுழைவு போனது, இந்த முறை நடையோடு ஒட்டி, நாங்களே இருபது தடவை ஓட்டிப் பார்த்த பிறகு. கம்பெனிக்காரர்கள் ஒரே வார்த்தையில் பதில் போட்டார்கள்: சரி. மற்ற இரண்டு பூதங்களும் வந்தன. இரண்டுக்கும் லீட் வித்யாதான்.

வீட்டில் சொன்னேன். அம்மா இஸ்திரிப் பெட்டியில் கரியைக் கிளறிக்கொண்டே கேட்டார். "பேய்க்கு வலது காலா வச்ச? அத இன்னாத்துக்குடா வாசலுக்குள்ள வுட்ட, மொதல்ல?" அப்பா துணியிலிருந்து தலையைத் தூக்காமல், "அவனுக்கு அதுக்குத்தான் சம்பளம்" என்றார்.

மிச்சமிருந்தது, பிடித்துக்கொண்ட பணம். அதை எங்கள் போனஸிலிருந்து எடுப்பது என்று ஆபீஸில் முடிவானது. தப்பு என்னுடையது, முழுக்க என் கணக்கில் எழுதுங்கள் என்றேன். கடைசியாகச் சேமித்தது தான், பாதி தன்னுடையது என்றார் வித்யா. நடையோடு ஒட்டிப் பார்க்காமல் அனுப்பியது தான்தான் என்று தாஸ் புகுந்தான். குமரன் கால்குலேட்டரை எடுத்தார். "இல்லாத ஆளு மேல போட்டதுக்கு எனக்கும் ஒரு பங்கு இருக்கு" என்று நான்கால் வகுத்தார்.

ஆளுக்கு எட்டாயிரம். ஒரு வலது காலுக்கு மொத்தம் முப்பத்திரண்டாயிரம் ரூபாய்.